ஒரு நாள் பிந்தி வந்த குரல்

வெர்னெல் டகெட் சனிக்கிழமை பாடினால் அவள் குரல் ஞாயிற்றுக்கிழமைதான் கேட்கும். அமெரிக்காவில், தெற்கு மெம்பிஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பேருந்து தாமதத்தைப் பேசும் அளவுக்குக்கூட இதை யாரும் பேசுவதில்லை. பேச்சில் கோளாறு ஒன்றும் கிடையாது, அவள் வாய் திறந்தால் எதிராளி அந்தக் கணமே வாயடைத்துப்போவார். பாட்டு மட்டும்தான் பிந்தும். ஆரம்பத்தில் அது ஒரு மூச்சளவே இருந்தது. தாளம் விழுந்தபின் கொஞ்சம் தயங்கிப் பாடுவதுதான் அந்த ஊர்க் கறுப்பின மக்களின் சோல் பாட்டுக்கு அழகு. வெர்னெல் எல்லோரையும்விட அதிகம் தயங்கினாள், ஊரே சொக்கிப்போனது. நாற்பது வயதில் ஒரு வரி பிந்தினாள், ஐம்பதில் ஒரு பாட்டு. அப்புறம் கிளப்பில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்த பிறகே குரல் வந்தது. கிளப் முதலாளிகள் கழற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் மக்காச்சோள ரொட்டி சுட்டுக் காலம் தள்ளினாள்.

எழுபது தாண்டியபின் கார்வின் மேப்ரி என்ற இளம் தயாரிப்பாளன் வீடு தேடி வந்து, புது ஆல்பம் போடலாம் என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் கெத்தை விடவில்லை.

"நாளைக்குத்தான் கேக்கும், ராசா. தெரிஞ்சுதான் வந்தியா?"

"இப்ப மெஷின் எல்லாம் எங்கயோ போயிடுச்சு, மிஸ் வெர்னெல். பிடிச்சிடலாம்."

"பிடிச்சா சரி. வருஷா வருஷம் கூடிக்கிட்டே போவுது. இப்படியே விட்டா என்னைப் புதைச்சப்புறம்தான் வந்து சேரும். என் குரலை நான் உயிரோட இருக்கும்போதே கேக்கணும்டா."

பழைய சலவைக்கூடம் ஒன்றை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். அங்கே பகல் முழுக்கப் பாடினாள். போட்டுக் கேட்டால் வாத்தியங்கள் இருந்தன, அவள் செருப்புத் தாளமும் இருந்தது, குரல் மட்டும் இல்லை. ஆல்பத்தை வெளியிடவிருந்த கம்பெனிக்காரர்கள் போனிலேயே அதற்கு மூடுவிழா நடத்தினார்கள். கார்வினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள்.

மறுநாள் காலை ஸ்டுடியோவை ஒரு பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழு எடுத்திருந்தது. குழுத் தலைவி ஓசெல்லா பிரையர் கையைத் தூக்கியதும், ஆளில்லாத மூலையிலிருந்து வெர்னெலின் குரல் கிளம்பியது. வேறு ஊராக இருந்தால் அலறியடித்து ஓடியிருப்பார்கள். இந்த ஊரிலோ ஒருத்தி பாடி அழைத்தால் பதில் பாடாமல் நிற்பது மரியாதைக் குறைவு. வழக்கம்போல் நேரம் கழித்து வரும் தங்கள் முன்பாடகிதான் வந்துவிட்டாள் என்று நினைத்துக் கண்ணை மூடியபடியே பதில் பாடினார்கள். ஓடிப்போன காதலனைத் திரும்பக் கூப்பிடும் பாட்டு அது. அவர்கள் இயேசுவைக் கூப்பிட்டார்கள். நன்றாகவே பொருந்தியது. இரண்டாம் சரணத்தில்தான் ஒருத்தி கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, அங்க யாருமே இல்ல."

"யாரா இருந்தா என்ன? அவளைத் தனியா விடாதீங்கடி," என்றாள் ஓசெல்லா.

குழுவுக்காகப் போட்ட ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதிவறையில் அதைக் கேட்டதும் கார்வின் காரைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினான். தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு கதவைத் திறந்தாள் வெர்னெல்.

"வந்துடுச்சு, மிஸ் வெர்னெல்."

"எதுடா?"

"நேத்து நீங்க பாடினது."

உருளைகளோடே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். அதன்பின் கம்பெனியும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆல்பத்துக்குச் சம்மதித்தது. ஒருநாள் அவள் பாடுவாள், மறுநாள் வாத்தியக்காரர்களும் குழுவும் வந்து குரலைச் சுற்றி நின்றுகொள்வார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து பார்பிக்யூ சாண்ட்விச் தின்றபடி கேட்பாள்; சட்டையெல்லாம் சாஸ், கண்ணெல்லாம் தண்ணீர். அந்தக் கோடையில் மெம்பிஸில் அவள் பாட்டு ஒலிக்காத காரே இல்லை.

கச்சேரிக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு நாள். சனிக்கிழமை ஜனங்கள் பெரிய தொப்பிகளோடு வந்து அவள் வாயசைவைப் பார்த்து ஆர்ப்பரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். வெர்னெலும் முதல் வரிசையில் இருந்தாள். காலி மேடையில் அவள் குரல் உச்சிக்கு ஏறும் இடத்தில் சற்றே தயங்கியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, கையை உயர்த்தி, வாய் நிறையப் பதில் பாடினாள். என்ன பாடினாள் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அரங்கைத் துடைக்க வந்தவர்களுக்குக் கேட்டது: "அவசரமில்ல மகளே, மெதுவா வா." ஒருத்தி "ஆமென்" என்று சொல்லிவிட்டு, வாளியை அடுத்த வரிசைக்கு நகர்த்தினாள்.