விடச் சொல்லும் வரை

மருத்துவமனை முற்றத்தில், கம்பளத்தில் சுற்றிய மாமனாரின் உடலை நான்கு பேர் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சாய்கல் வண்டியின் முன்பக்கம் போய் பானட்டைத் தூக்கினாள்.

"மருமகளே, எங்க போற? அண்ணன் இங்க பின்னாடி இருக்கான்" என்றார் ஜுமாஷ். இறந்தவருக்கு ஒரே தம்பி. கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்தார்.

"ஒரு நிமிஷம், சின்ன மாமா."

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, விரல் நுனியை உள்ளே தோய்த்தாள். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். இது அடுப்பிலேயே மறந்துபோன தேநீர் மாதிரி இருந்தது.

அவள் கணவன் குபத் வந்து பக்கத்தில் நின்றான். மாஸ்கோவிலிருந்து விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அப்பாவின் கட்டில் காலியாகியிருந்தது. அதிலிருந்து அவன் கண்கள் சிவந்திருந்தனவே தவிர நனையவில்லை.

"மூடு. ஊர்ல குழி தோண்ட ஆரம்பிச்சிருப்பாங்க. வெறும் குழியோட பொழுது சாயக்கூடாது."

"பிரேக் ஆயில் மாத்தல."

"யார் சொன்னது? அப்பா அதையெல்லாம் விடுவாரா?"

"நான் மிதிக்கலங்க. நான் மிதிக்காம எப்படி மாத்தியிருப்பாரு?"

அது இரண்டு பேர் வேலை. மாமனார் சக்கரத்தடியில் படுத்துக்கொள்வார். சாய்கல் பெடலில் கால் வைத்து உட்கார்ந்திருப்பாள். கீழேயிருந்து குரல் வரும்: அமுக்கு... பிடி... விடு. விடச் சொல்லும் வரை விட்டுவிடக் கூடாது. காற்று உள்ளே போய்விடும். ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்து, பழைய ஆயில் தீர்ந்து தேன் நிறம் வரும்வரை அந்த மூன்று சொற்கள்தான்.

வண்டியின் கிலோமீட்டர் முள் செத்துப் பல வருடங்கள். அதற்காக அவர் கவலைப்பட்டதில்லை. அவர் கணக்கு ஆடுகளோடு நடந்தது. மந்தை மலை மேய்ச்சலுக்கு ஏறும் நாளுக்கு முந்தின நாள் எஞ்சின் ஆயிலும் அதன் ஃபில்டரும். மந்தை இறங்கியதும் மறுபடி. டீசல் ஃபில்டரைப் பனிக்கு முன் மாற்றிவிடுவார். டீசலில் கலந்த தண்ணீர் அதில்தான் உறையும். ஏர் ஃபில்டர், வைக்கோல் அறுத்து முடித்த பிறகு. பிரேக் ஆயில், ஒரு ஏற்றம் விட்டு மறு ஏற்றம். "ஆடு வந்து சொன்னாத்தான் இவன் ஆயில் மாத்துவான்" என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்த வண்டி நடுவழியில் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த வசந்தத்தில் அவருக்கு மூச்சு இழுத்தது. மந்தையை வேறொரு மேய்ப்பன் ஓட்டிப்போனான். வீட்டில் ஏறும் நாள் என்று ஒன்று வரவில்லை. ஆகவே அதற்கு முந்தின நாளும் வரவில்லை.

ஒருவேளை போன வருடம்தான் மாற்றினோமோ? சாய்கல் தன் நினைவை அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. திரும்ப யோசித்தாள். கடைசியாக மிதித்தபோது வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. அந்தக் குழந்தை இப்போது கோழியைத் துரத்துகிறது. இல்லை, போன வருடம் இல்லை.

"சீட்டுக்குப் பின்னாடி புது பாட்டில் இருக்கு. சீல் கூட உடைக்கல" என்றாள். "இங்கயே மாத்திடலாம். கொஞ்ச நேரம்தான் ஆகும்."

"ரெண்டு பாட்டில் வாங்கியிருப்பாரு." குபத் பானட்டை அறைந்து மூடினான். "செத்தவர் மேல குத்தம் கண்டுபிடிக்கிறியா?"

அவர் மேல் குற்றம் சொல்லவில்லை, மிதிக்க ஆள் இருந்தது, படுக்கத்தான் ஆள் இல்லை என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அது வேறு இடத்தில் போய்க் குத்தும். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மருத்துவமனை வாசலில் காவலாளி தடுப்புக் கழியை உயர்த்தாமல் அவள் பக்க ஜன்னலுக்கு வந்தான்.

"இறந்தவர் பேரு?"

"என் மாமனார்."

"அது சரிம்மா. பேரு?"

அவள் குபத்தைப் பார்த்தாள்.

"தொக்தோபெக்" என்றான் குபத்.

காவலாளி தலையாட்டிக் கழியை உயர்த்தினான். மருமகள் வாயில் மாமனார் பெயர் வராது என்பது அவனுக்கும் தெரியும். மாமனாருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. இவனாவது தங்கட்டும் என்று அவர் தாய் வைத்த பெயர். அவர்கள் மொழியில் தொக்தோ என்றால் நில். பெயரைச் சொல்லக்கூடாதென்றால் அந்தச் சொல்லையும் சொல்லக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாய்கல் யாரையும் அந்தச் சொல்லால் அதட்டியதில்லை. குழந்தையிடம் "அங்கயே இரு" என்பாள். ஆட்டிடம் நாக்கை உருட்டி ஓர் ஓசை. பஸ்ஸில் "எறங்கணும்". மற்றவர்கள் கேலி செய்தபோதெல்லாம் மாமனார் மட்டும் சிரிக்கமாட்டார். அவள் சுற்றி வளைத்துப் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்.

கணவாய் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பின்தட்டில் ஜுமாஷ் அண்ணனோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். உச்சியில் குபத் வண்டியை நிறுத்தி, "குளிருதா சித்தப்பா?" என்று கேட்டான்.

"பழக்கம்தான். உயிரோட இருந்தப்பவும் என்னைப் பின்னாடிதானே ஏத்துவான்."

இறக்கம் தொடங்கியது. குபத் மூன்றாம் கியரில் விட்டான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக். வளைவு தாண்டியதும் வேகம்.

"ரெண்டாவதுல போடுங்க."

"பொழுதப் பாத்தியா?"

"எஞ்சினே பிடிச்சு எறக்கும். அவர் ரெண்டாவதுலதான் எறக்குவாரு."

"ரெண்டு வருஷம் மாஸ்கோவுல டாக்ஸி ஓட்டியிருக்கேன். எனக்குச் சொல்லாத."

"மாஸ்கோவுல கணவாய் இருக்கா?"

அவன் வளைவில் மறுபடி பிரேக்கை மிதித்தான். கியரை மாற்றவில்லை. கருகிய வாடை உள்ளே வந்தது. சாய்கல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வலது காலைப் பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் அது முன்னைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது. தன் காலாயிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பாள். அவன் காலைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடி சண்டை. பின்னால் உடல் கிடக்கிறது. அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அடுத்த வளைவில் சாலை முழுக்க ஆடுகள்.

ஏதோ ஒரு குடும்பம் தாமதமாக மேய்ச்சலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மந்தையின் நடுவில் குதிரைமேல் ஒரு பெண். அவளுக்கு முன்னால் சேணத்தில் ஒரு குழந்தை. குபத் மிதித்தான். பெடல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. அவன் அதன்மேல் ஏறி நிற்பது போல மிதித்துக்கொண்டே இருந்தான். வாய் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் உறைந்துவிட்டது.

"விட்டு விட்டு அமுக்குங்க!"

அவன் காதில் ஏறவில்லை. அங்கயே இரு, எறங்கணும், நாக்கு உருட்டல் - அவளிடம் இருந்த எந்தச் சொல்லும் அந்த வேகத்துக்குப் போதாது.

"தொக்தோ!" என்று கத்தினாள். "தொக்தோ! தொக்தோ!"

கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். குபத் விழித்துக்கொண்டவன் போல கியரை இரண்டாவதில் திணித்தான். எஞ்சின் அலறியது. அவன் மலைப்பக்கம் திருப்ப, வண்டி சரளைச் சரிவில் பக்கவாட்டாக உரசி, ஏறி, சாய்ந்து நின்றது. ஆடுகள் இரண்டாகப் பிரிந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு போயின. குதிரைமேலிருந்த பெண் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி அவர்களையே பார்த்தாள்.

சாய்கல் இறங்கிப் பின்னால் ஓடினாள். ஜுமாஷ் அண்ணன்மேல் கவிழ்ந்து, கம்பளத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். மெதுவாக எழுந்து தொப்பியைத் தேடினார். நெற்றியில் கீறல்.

"இத்தன வருஷமா வாய் திறக்காதவ," என்றார், "ஒரே மூச்சில மூணு தடவ கூப்பிட்டுட்ட."

அவள் முகத்தைத் தலைத்துணியின் நுனியால் மூடிக்கொண்டாள்.

"விடு. கூப்பிட்டா நிக்கிறவன்தான் அவன்."

சக்கரங்களிலிருந்து புகை வந்தது. குபத் தண்ணீர்க் கேனைத் தூக்கினான். "ஊத்தாதீங்க, வெடிச்சிடும்" என்றாள். கேனைக் கீழே வைத்தான். சூடு தணியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. குதிரைக்காரப் பெண் புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனாள். மூவரும் வெயில் எதிர் மலையில் ஏறுவதைப் பார்த்தபடி அதை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

சீட்டுக்குப் பின்னாலிருந்த பாட்டிலைக் குபத் எடுத்தான். மூடியின் சீலை விரலால் தடவினான். செய்தித்தாளில் திரும்பச் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

மீதி இறக்கத்தை முதல் கியரில், நடை வேகத்தில் இறங்கினார்கள். ஊர் எல்லை தெரிந்தபோது வெயில் முகட்டில்தான் மிச்சமிருந்தது. துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கழிகளில் சாய்ந்து ஓலமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் வழக்கப்படி மகன் தூரத்திலேயே இறங்கி, "என் அப்பாவே" என்று அலறிக்கொண்டு ஓடிவர வேண்டும். குபத் இறங்கினான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சும்மா நடந்து வந்தான்.

"மாஸ்கோ இவன உலர்த்திடுச்சு" என்று யாரோ சொன்னது சாய்கலுக்குக் கேட்டது. அவள் கூடாரத்துக்குள் போய், பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அழுதாள். பெயரைச் சொல்லவில்லை. குழியை நிரப்பிவிட்டு ஆண்கள் திரும்பியபோது முகட்டிலிருந்த வெளிச்சமும் போயிருந்தது.

மறுநாள் காலை விருந்தினருக்கு மாவு வாங்கி வர வண்டி வேண்டியிருந்தது. சாய்கல் தேநீர் கொதிக்கும் சமோவாருக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். குபத் வந்து நின்றான். இடுப்பில் துக்கத் துணி. கையில் அந்தப் பாட்டில். காலில் அப்பாவின் ரப்பர் செருப்பு.

"வந்து உட்காரு" என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். அவன் பின்சக்கரத்தடியில் போய்ப் படுத்தான். கொஞ்ச நேரம் இரும்புச் சத்தம் மட்டும் வந்தது.

"அமுக்கு."

அமுக்கினாள்.

"பிடி."

பெடல் மெல்ல இறங்கியது.

"விடு."

அதே மூன்று சொற்கள். குரல்தான் கொஞ்சம் இளசு. மறு பின்சக்கரம். பிறகு முன்னால் வலது. கடைசியாக இடது, அவன் கால்கள் அவள் கதவுக்கு நேராக வெளியே நீண்டிருந்தன.

"அமுக்கு... பிடி."

பெடல் தரைவரை இறங்கியது. அவள் பிடித்துக்கொண்டாள். கீழே இரும்புச் சத்தம் நின்றது. அடுத்த சொல் வரவில்லை, அடைபட்ட ஒரு விம்மல்தான் வந்தது.

திறந்த கதவின் வழியாகப் பார்த்தாள். ரப்பர் செருப்பின் குதிகால்கள் மண்ணில் ஊன்றி ஊன்றி, இரண்டு சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

கூடாரத்திலிருந்து ஜுமாஷ் வந்தார், நெற்றியில் கட்டோடு. "என்னடா, முடிஞ்சுதா? மாவுக்கு ஆள் காத்திருக்கு" என்று குனியப் போனார். சாய்கல் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் குனியாமல் திரும்பிப் போய், அவள் பாதியில் விட்ட சுள்ளிகளை ஒடிக்கத் தொடங்கினார்.

அவளுக்குக் கால் கடுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, இன்னொரு காலையும் எடுத்துப் பெடலின்மேல் வைத்துக்கொண்டாள்.