எந்தப் புருவம்

"எந்தப் புருவத்துல தழும்பு?" என்று அரசு வக்கீல் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கண்ணை மூடினால் போதும், அந்த மாலை அப்படியே வந்து நிற்கும். தூறல். சாலையைக் கடந்துகொண்டிருந்த கணவனை அடித்துத் தள்ளிவிட்டு ஒரு கணம் நின்ற வெள்ளைக் கார். உள்ளே ஒல்லியான முகம், புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு.

"வலது" என்றாள்.

வக்கீல் புகைப்படத்தை அவள் பக்கம் திருப்பினார். "இடதும்மா. நாளைக்குக் கூண்டுல ஏறினதும் இடதுன்னே சொல்லிடுங்க. பதட்டத்துல எல்லாருக்கும் வர்ற தடுமாற்றம்தான்."

தலையாட்டிவிட்டு நேரே வேலைக்கு வந்தாள். முடிவெட்டும் கடையில் அவளுக்குப் பெயரே கேமரா. ஒரு தலையை ஒரு தடவை தொட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டாள் என்று கடைக்கார அக்கா வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். போலீஸ்காரர்கள் வரிசையாக ஆட்களை நிறுத்தியபோதும் அவள் விரல் தயங்காமல் நீண்டது. அந்த ஆளிடம் அதே மாதிரி வெள்ளைக் கார் இருந்தது. அதைவிட்டால் அவனுக்கு எதிராக இருந்தது அந்த விரல் ஒன்றுதான்.

நாற்காலியில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்துச் சீவினாள். அவர் கன்னத்து மச்சம் அவளுக்கு இடது கைப்பக்கம் தெரிந்தது. முன்முடியைச் சரிசெய்ய நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். மச்சம் வலது கைப்பக்கம் போய்விட்டது.

கத்தரி அந்தரத்தில் நின்றது.

கண்ணை மூடிப் பார்த்தாள். காருக்குள் இருந்த முகத்தில் தழும்பு அவளுடைய இடது கைப்பக்கம்தான் இருந்தது. எதிரே இருக்கிறவனுக்கு அது வலது புருவம். ஆனால் அவனுக்கோ தழும்பு இடதில். அப்படியென்றால் அந்த முகத்தை அவள் எதிரே நின்று பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இதே கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, புருவத்துல வெட்டு விழுந்த ஒருத்தன், ஒல்லியா… நம்ம கடைக்கு வந்திருக்கானா?"

"வாயே திறக்க மாட்டானே, அவனா? உன் வீட்டுக்காரருக்கு அடிபடறதுக்கு முந்தி வந்திருக்கானே. நீதான் வெட்டின. மெஷின் வேணாங்கிறான், கை ஒடியுதுன்னு முணுமுணுத்தியே."

வாத்தியாரை ஒருவழியாக அனுப்பிவிட்டு, அந்தக் காரின் முன்கண்ணாடியை மறுபடி நினைவுக்கு இழுத்தாள். முகத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது நீர்த்துளியும் விளக்கு வெளிச்சமும்தான். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் முதல்முறை கேட்டபோது "சரியாத் தெரியல சார்" என்றுதானே சொன்னாள்? பிறகு புகைப்படம் காட்டினார்கள். பார்த்த முகமாக இருந்தது. பார்த்த முகம் என்பது எப்போது காருக்குள் போய் உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லச் சொல்ல அது துலங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டில் கணவன் ஊன்றுகோலோடு கூடத்தில் நடை பழகிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைப் பிடித்து நின்றுவிட்டான்.

"அப்ப என்னை இடிச்சது யாரு?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? இத்தனை நாளா அவனைத் திட்டித் திட்டித்தான் ஒவ்வொரு அடியும் வெச்சேன். இனிமே யாரைத் திட்டச் சொல்ற?"

அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "நாளைக்குச் சொல்லத்தான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

வந்தான். நீதிமன்ற வராந்தாவில் அவள் விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் பல்லைக் கடித்தார். "கடையில பாத்திருந்தா என்னம்மா? கார்லயும் அவனே இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம் சார். ஆனா நான் பாக்கல."

"வருஷக்கணக்கா உள்ள போக வேண்டியவன். வெளிய வந்து உங்களைப் பாத்துச் சிரிச்சா?"

"சிரிக்கட்டும்."

கூண்டில் ஏறினாள். எதிரே அவன் நின்றான். தழும்பு அவளுடைய வலது கைப்பக்கம் இருந்தது. முதன்முறையாக இந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறமாதிரி இருந்தது அவளுக்கு. கேள்வி வந்தது. "நான் கார் ஓட்டினவரோட முகத்தைப் பாக்கல" என்றாள். நீதிபதி நிமிர்ந்து, சத்தமாகச் சொல்லச் சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னாள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக வந்த கேள்விகளுக்கெல்லாம் அதையே, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னாள்.

வெளியே வந்தபோது கணவன் படிக்கட்டின் உச்சியில் தனியாக நின்றிருந்தான். செங்குத்தான கல்படிகள். அவள் அவனைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கி, அவனைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டான். மறு கையால் ஊன்றுகோலைப் படியின் விளிம்பில் ஊன்றினான். அவள் தன் தோளை அவனுக்கு எட்டும்படி கொஞ்சம் முன்னால் சாய்த்து, பின்பக்கமாக அடுத்த படிக்குக் காலைத் துழாவினாள்.