தூக்கினவங்கள்

விடியுமுன்பே ஸ்காபரோவின் அந்தச் சலவைக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே பெப்ரவரிப் பனி. உள்ளே நீராவியும் குளோரின் நெடியும். ஹொட்டல் கட்டில் விரிப்புகள் இயந்திரத்திலிருந்து வடக்கயிறுபோல் முறுகி வந்தன. அவற்றைப் பிரித்து, தலைக்கு மேலே நகரும் கொக்கிகளில் தூக்கி மாட்ட வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா பிரித்துக் கொடுப்பான். அவன் மனைவி யூஜினிதான் மாட்டுவாள். அவனுடைய கைகள் தோளுக்கு மேலே எழுவதில்லை. காலையில் அவனுக்குத் தலை சீவிவிடுவதும் அவள்தான். காரணத்தை அவன் அங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்று முதலாளி இராஜரட்ணம் வந்ததும் வராததுமாக இருவரையும் பிரித்துவிட்டார்.

"புருசன் பெண்சாதி கொஞ்சுறதுக்கு நான் மெசின் வாங்கேல்லை. ஐசே, நீர் அங்காலை போய்த் தனிய நில்லும்."

யூஜினிக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. கண்கள் அவன் பக்கமே ஓடின. வியாழக்கிழமை அவனுக்கு அகதி விசாரணையின் இரண்டாம் தவணை. கொழும்பில் வழக்கே இல்லாமல் அடைத்து வைத்திருந்தபோது என்ன செய்தார்கள் என்று முதல் தவணையில் கேட்டார்கள். "கட்டித் தூக்கினவங்கள்" என்றான். மொழிபெயர்க்க வந்தவர் அதை ஏதோ மூட்டையைக் கட்டித் தூக்கியதுபோல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். "எங்கே தூக்கி வைத்தார்கள்?" என்று அதிகாரி கேட்க, அவன் "தெரியாது" என்று சொல்லிவிட்டான். விளக்கமாகச் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லோயர் எச்சரித்திருந்தார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் எழுந்து யன்னலடிக்குப் போய்விடுவான்.

தொப்பென்று ஒரு சத்தம். ஈரவிரிப்பு நிலத்தில் கிடந்தது.

"தூக்குமன் ஐசே! கையிலை காப்பே போட்டிருக்கிறீர்?"

"ஏலாது அண்ணை."

"ஏலாட்டி வீட்டை போம்."

"அவருக்குக் கை..." யூஜினி ஓடி வந்தாள். "பிடிச்சு வைச்சு அடிச்சவங்கள் அண்ணை."

"உது கேசுக்குச் சொல்லுற கதை பிள்ளை. இஞ்சை வேண்டாம். வியாழக்கிழமைக்குக் கேட்ட லீவும் இல்லை. போனால் வேலையும் போனதுதான்."

ஸ்ரீ நிமிர்ந்தான்.

"கையை முதுகுக்குப் பின்னாலை கட்டி, அந்த முடிச்சிலை கயிறு கொழுவி, கூரை வளையிலை தொங்கவிட்டவங்கள். தோள்மூட்டுக் கழண்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு நாள் இல்லை அண்ணை. அதைத்தான் தூக்கினவங்கள் எண்டு சொன்னனான்."

அந்தச் சத்தத்தைப் பற்றி யூஜினிக்குக்கூட அவன் சொன்னதில்லை.

அடுத்த இயந்திரத்தில் நின்ற ரஹ்மத்தும்மா அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உறுமல் அடங்கியது.

"இந்தத் தம்பிக்குச் சோடியா ஒராள் நிக்கவேணும். வியாழக்கிழமை லீவும் வேணும். அதுவரைக்கும் நான் தூக்கமாட்டன்."

"உமக்கு அவன் ஆர்?"

"பக்கத்து மெசின்."

எதிர் இயந்திரத்தில் நின்ற பாலேஸ்வரியும் தன்னுடையதை நிறுத்தினாள். "காப்புப் போட்ட கையாலைதான் நிப்பாட்டினனான், முதலாளி." யாரோ சிரித்தார்கள். கடைசி இயந்திரமும் ஓய்ந்தது.

"எல்லாரையும் கலைச்சுப்போடுவன்!"

"அப்ப ஹொட்டல் லொறி வரேக்கை நீங்களே தூக்கிக் குடுங்கோ" என்றாள் பாலேஸ்வரி.

இராஜரட்ணம் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார். ரெலிபோனில் யாரையோ கூப்பிட்டார். வேறு ஆட்களையா, பொலிசையா? ஒருவருக்கும் தெரியவில்லை.

"வியாழக்கிழமை நாங்களும் வாறம்" என்றாள் ரஹ்மத்தும்மா.

"உள்ளுக்கு விடமாட்டினம் ராத்தா" என்றாள் யூஜினி.

"வாசல்லை நிப்பம். தம்பி எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வெளியிலை வரேக்கை ஆக்கள் நிக்கவேணும்."

"சொல்லுவன்" என்றான் ஸ்ரீ, மெல்ல.

முதலாளி ரிசீவரை வைத்தார். கதவு திறந்தது. யூஜினி கணவனின் ஈரவிரல்களைப் பற்றிக்கொண்டாள். ஒருவரும் தங்கள் இயந்திரத்துக்குத் திரும்பவில்லை.