அமுதவல்லி போர்வெல்ஸும் ஒரு சொம்புத் தண்ணீரும்

எங்கள் குலசாமி கோயிலில் கெடா வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் சம்மதம் கேட்பார்கள். தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்துவிட்டு, கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நிற்கும். கெடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சிலுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆழ்துளைக் கிணறு போடும் மூன்றாவது ரிக் லாரி வாங்கியபோது நிறுத்திய கெடா மகா அழுத்தக்காரன். சொம்பு சொம்பாக ஊற்றியும் அசையவில்லை. "என்ன குத்தமிருந்தாலும் பொறுத்துக்க சாமி" என்று என் மாமனார் செல்லமுத்து அதன் முன்னால் கைகூப்பி நின்றார். மசாலா அரைத்து வைத்த சமையல்காரர் தூங்கியே போனார்.

அந்த மரியாதையில் கால்வாசிகூட எனக்குக் கிடைத்ததில்லை.

திருச்செங்கோட்டில் 'அமுதவல்லி போர்வெல்ஸ்' என்று பெயர் எழுதிய மூன்று லாரிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த அமுதவல்லி நான்தான். தொழிலை நடத்துவது என் வீட்டுக்காரர் தனபால். ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், போர் போட்டுவிட்டு வருகிறவர் காதுக்குள்கூட மண் இருக்கும் என்பதுதான். கல்யாணமான புதிதில் ஜோசியர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "பையனுக்கும் அப்பனுக்கும் நேரஞ் சரியில்லை, மருமக ஜாதகந்தான் தண்ணிக்கு ராசி" என்று சொன்னார். தொழிலை என் பெயரில் பதியும் காகிதங்களை மாமனார் நீட்டினார். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். லாரியில் என் பெயரைப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. போன வருஷம் ஒருநாள் வகுப்பில், "தனியாள் வணிகத்தில் உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பே இல்லை. கடைக்குக் கேடு வந்தால் அவர் வீட்டுப் பண்டபாத்திரம்வரை போகும்" என்று வழக்கம்போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

யாழினி என்ற மாணவி எழுந்தாள். "மிஸ், அப்ப உங்க ரிக்கு வண்டி எங்காச்சும் எதையாச்சும் ஒடச்சுப்போட்டா உங்க சொத்து போயிருமுங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. என் பெயரில் இருப்பது சங்ககிரிப் பக்கம் எங்கப்பா எழுதிக் கொடுத்த இரண்டு ஏக்கர் தோட்டம் மட்டும். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார், இரண்டு எருமைகளோடு சண்டை போட்டுக்கொண்டு. யாரோ செய்யும் தப்புக்கு அவர் தோட்டத்தைவிட்டு இறங்க வேண்டியிருக்குமோ?

சொல்லி வைத்தாற்போல அன்று சாயங்காலமே தனபால் மைசூர்பாக்கும் ஒரு கத்தைக் காகிதமுமாக வந்தார். அதுவரை விவசாயிகளுக்கு ஒன்றிரண்டு போர் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, பெரிய கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்றிலிருந்து நாற்பது போருக்கு ஆர்டர். மனுஷன் தரையில் நிற்கவில்லை.

"கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடு அமுதா."

"படிச்சுட்டுப் போடறேனுங்க."

"அதுல என்னத்தப் படிக்கறது? எல்லாருக்கும் அதேதான் குடுப்பாங்களாமா."

படித்தேன். அந்த இடத்தின் அடியில் எரிவாயுக் குழாயும் மின்சாரக் கேபிளும் போகின்றன. எதற்குச் சேதம் வந்தாலும், தப்பு யார் பேரில் இருந்தாலும், முழுச் செலவையும் அமுதவல்லி போர்வெல்ஸின் உரிமையாளர் தன் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்கு வரம்பு கிடையாது.

"ஏனுங்க, குழாயில ஓட்டை உழுந்தா எங்கப்பா தோட்டம் போயிருமுங்க."

"நம்ம பசங்க ஓட்டை போட மாட்டாங்க புள்ள."

"ஓட்டை போடறதுதானுங்களே நம்ம தொழிலே!"

டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் திரும்பாமலே, "உன்ற கை ராசியான கை அம்மணி, போட்டுப்போடு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கெடாவை வெட்டறதுக்கு முன்னாலகூடத் தண்ணி தெளிச்சுச் சம்மதம் கேக்கறீங்க மாமா. என்ற கழுத்துல மாலை போட்டு நிறுத்தியிருக்கறீங்களே, எனக்கு ஒரு சொட்டுத் தெளிச்சீங்களா?"

டிவி அணைந்தது. சாமி காரியமென்றால் மாமனாருக்கு உதறல் எடுக்கும். முகம் வெளுத்துப்போய் மகனைப் பார்த்தார். "அம்மணி சொல்றது செரிதான்டா. உத்தரவு வாங்காம நிறுத்திப்போட்டோம். குத்தமாயிரும்." கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மூன்று பேரும் ஆடிட்டர் பிரவீனாவிடம் போனோம். சின்னப் பெண், பேச்சில் பிசிர் கிடையாது. "பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆக்கிருங்க. கம்பெனிங்கறது சட்டப்படி தனி ஆளு. ஒப்பந்தம் போடறதும் அது, பொறுப்பும் அதோடது. பங்குக்குப் போட்ட காசோட உங்க பொறுப்பு நின்னுருமுங்க."

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தனி ஆளுங்களா? அப்படின்னா பொறந்த தேதி உண்டுங்களா?"

"சான்றிதழ்ல வருமுங்க."

"அது போதுமுங்க, ஜாதகம் எழுதிப்புடலாம்." அதற்குப் பிறகு அவருக்கு ஆட்சேபணையே இல்லை.

"ஆனா கம்பெனி எல்லா மழைக்கும் கொடை இல்லீங்க" என்றாள் பிரவீனா. "லாரிக் கடனுக்கு பேங்குல யாராச்சும் சொந்த ஜாமீன் கேப்பாங்க. ஒப்பந்தத்துல அந்த வரியையும் மாத்தியாகணும்."

"ஜாமீன் நான் போடறனுங்க" என்றார் தனபால். "அவங்கப்பா தோட்டத்துப் பக்கம் யாரும் வர வேண்டாம்." என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

நானும் தனபாலும் இயக்குநர்களாக எங்கள் கம்பெனி பதிவானது. குழாயும் கேபிளும் போகும் இடத்தைக் கிடங்குக் கம்பெனிதான் அடையாளம் போட்டுக் காட்ட வேண்டும். அதைத் தாண்டித் துளையிட்டால் மட்டும் எங்கள் பொறுப்பு. அதுவும் ஒப்பந்தத் தொகைக்கு மேல் போகாது. இப்படி எழுதி அனுப்பினாள் பிரவீனா. பதில் வரவில்லை. "இத்தனை கேள்வி கேட்டா வேற ரிக்கைக் கூப்புட்டுக்குவாங்க" என்று தனபால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நல்ல ஆர்டரைக் கெடுத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் கிடங்குக் கம்பெனி அதிகாரி கௌசிக்கே புதுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். வேறு எந்த ரிக்குக்காரரும் குழாய் எங்கே போகிறது என்று கேட்கவே இல்லையாம். நாங்கள் கேட்ட பிறகு தேடியதில்தான் அவர்களிடமே சரியான வரைபடம் இல்லையென்று தெரிந்ததாம். "நீங்க கேட்டது எங்களுக்கும் நல்லதாப் போச்சுங்க மேடம்" என்று நெளிந்தார்.

நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். காபி வந்தது, முறுக்கு வந்தது, தனபால் எழுந்து வாசல்வரை போய்ப் போய் வந்தார். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு வரி பதுங்கிக் கிடந்தது: இயக்குநர்கள் தங்கள் சொந்தச் சொத்தாலும் பொறுப்பாவார்கள்.

"அது பழைய வரிங்க, எடுக்க மறந்துட்டாங்க" என்றார் கௌசிக்.

"படிக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டாங்களா?"

அவர் அலுவலகத்துக்குப் பேசிவிட்டு, வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைத் திறந்தேன்.

"இரு அம்மணி." மாமனார் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். "தனபாலு, தெளிடா."

தனபால் அசட்டுச் சிரிப்போடு என் தலையில் தெளித்தார். கௌசிக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாமனார் கோயிலில் நிற்பதுபோலவே கைகூப்பினார்.

நான் உடனே சிலுப்பவில்லை. சிலுப்பிய கெடா எதுவும் இதுவரை வீடு திரும்பியதில்லை. கௌசிக் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, கடைசி இரண்டு பக்கத்தையும் இன்னொரு தரம் படித்தேன்.

"என்ன குத்தமிருந்தாலும் பொறுத்துக்க சாமி" என்று மாமனார் முணுமுணுத்தார்.

பிறகுதான் தலையைச் சிலுப்பினேன். துளிகள் அவர் கண்ணாடியில் போய் விழுந்தன. "உத்தரவு கெடச்சுப்போச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.