நாலாவது பாரத்தின் 'வேணாம்' பாடம்

லூர்துராணி எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். 1959-ல், இருபத்துநாலு வயதில், தென்னூரில் ஒரு பையன்கள் ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. போதை ஒழிப்பு வாரம் நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து ஸ்கூலுக்கு உத்தரவு வந்தது. ஹெட்மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் அந்தத் தாளை அவளிடம் நீட்டினார்.

"ஒரு சொற்பொழிவு வைங்கம்மா. அடுத்த மாசம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரார். சிறப்பா நடந்துச்சுன்னு எழுதிக் கொடுத்துடலாம்."

"நடந்துச்சுன்னு எழுதலாம் சார். பலன் இருந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

முப்பது வருஷ சர்வீஸில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், நாற்பத்திரண்டு பையன்கள். எல்லோருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்தாள். பேர் எழுத வேண்டாம். பீடியோ கஞ்சாவோ ஒரு தடவை குடித்துப் பார்க்கத் தோன்றுகிறதா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுதினால் போதும். ஒன்பது பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் ரிட்டையர்டு கம்பவுண்டர் தாஜுதீன் வந்து பேசினார். நல்ல மனிதர், குரலும் கணீரென்று இருந்தது. ஒரு மணி நேரம் பேசினார். கஞ்சா குடித்தவன் எப்படிச் சிரிப்பான், எப்படி ஆகாசத்தில் பறப்பதாக நினைப்பான், ஒரு வாழைப்பழத்தை எப்படிப் பத்து நிமிஷம் ரசித்துத் தின்பான் என்று மேஜைமேல் ஏறி நடித்தே காட்டினார். பையன்கள் கைதட்டிக் கைதட்டி ஓய்ந்தார்கள். நுரையீரல் படத்தை அவர் விரித்தபோது மணி அடித்துவிட்டது.

லூர்துராணி மறுபடி சீட்டு கொடுத்தாள். இந்தத் தடவை ஆமாம் என்றவர்கள் இருபத்துமூன்று பேர். ஒருவன் கேட்காததையும் சேர்த்து எழுதியிருந்தான்: 'கஞ்சா எங்கே கிடைக்கும் என்பதைப் பேச்சாளர் சொல்ல மறந்துவிட்டார்.'

லேபில் தனியாக உட்கார்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். சீட்டுகளை அள்ளிக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் ஓடினாள்.

"கிழிச்சுப் போடுங்கம்மா!"

"கிழிச்சா இருபத்துமூணு ஒன்பதாயிடுமா சார்?"

ஸ்தனிஸ்லாஸ் முறைத்தார். பிறகு அந்த வாழைப்பழம் அவருக்கும் ஞாபகம் வந்து, வயிறு குலுங்கிவிட்டது.

அடுத்த நாள் அவள் பையன்களிடமே கேட்டாள். "பீடியை முதல்ல யாருடா நீட்டுறா?"

பயங்கரமான ஆள் யாரும் இல்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் கூட உட்கார்ந்திருக்கிற சிநேகிதன்தான்.

"கெடுதல்னு தெரியும் டீச்சர்," என்றான் வீரமலை. "ஆனா வேணாம்னா பயந்தாங்கொள்ளிம்பான். அப்ப என்ன சொல்றதுன்னு வர மாட்டேங்குது."

என்ன சொல்வது என்பதைப் பழக்கிவிட்டால்? பீடியை நீட்ட ஓர் ஆள் வேண்டும். பையன்களே நீட்டிப் பார்த்தார்கள், சிரிப்புதான் வந்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஸ்தனிஸ்லாஸை அவள் திரும்பிப் பார்த்தாள். கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏழு வருஷம் கொடுங்கோலன் ஏரோது ராஜா வேஷம் கட்டியவர் அவர்.

"நானா? பீடியா?" என்றார். சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், பற்றவைக்காத பீடியைக் காதில் செருகினார். முதல் பெஞ்சுப் பையன் தோளில் கை போட்டார்.

"டேய் மாப்ளே, ஒரே ஒரு இழுப்புடா. உங்கம்மாவுக்கா தெரியப்போவுது?"

"சரிங்க சார்," என்று எழுந்து நின்று வாங்கிக்கொண்டான் அவன்.

"சரிங்கக் கூடாதுடா!" வகுப்பே கூரை பறக்கச் சிரித்தது.

ஒரு வாரத்தில் பதில்கள் கொட்டின. "ஃபுட்பால்ல மூச்சு வாங்கும்டா, நீ வேணா என் கோலைப் போடுவியா?" "எங்க வாப்பா மூக்கைப் பத்தி ஒனக்குத் தெரியாது," என்றான் கலீல். அடைக்கலம் பவ்யமாகச் சொன்னான்: "நேத்துதான் சாமியார்கிட்ட பாவத்தையெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணேன், ஒரு வாரமாவது தாங்கட்டும் மாப்ளே."

வீரமலையின் அம்மா இருளாயி ஸ்கூலுக்கே வந்துவிட்டாள். "விளக்கெண்ணெய் குடிடான்னா 'நமக்கு இது ஒத்துவராது மாப்ளே'ங்கிறான் டீச்சர். பெத்த தாயை மாப்ளேங்கிறான்!"

இன்ஸ்பெக்டர் சடகோபன் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே, சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டைத் தாண்டியதும் அவர் கண்ட காட்சி: வேப்பமரத்தடியில் ஹெட்மாஸ்டர், மடித்துக் கட்டிய வேட்டியோடு, வீரமலையை இழுத்து அணைத்தபடி, "இன்ஸ்பெக்டர் வரதுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்துடுடா மாப்ளே!"

குடை கீழே விழுந்தது. "ரங்கா, ரங்கா! என்ன ஓய் இது அபசாரம்!"

ஸ்தனிஸ்லாஸ் விறைத்து நின்று, பீடி பிடித்த கையாலேயே சல்யூட் அடித்தார்.

லூர்துராணி ஓடிவந்து மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சடகோபன் நம்பவில்லை. கைக்குட்டையால் பீடியைப் பிடித்து, தாமே வீரமலையிடம் நீட்டினார். "குழந்தே, இதைக் கொஞ்சம் ஸ்வீகரிச்சுக்கறியா?"

"மன்னிக்கணும் ஸ்வாமி. எனக்கு வேணாம். உங்களுக்கும் வேணாம்."

நாமம் கோணிப்போகும் அளவுக்குச் சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

அன்று வகுப்பில் மூன்றாம் தடவை சீட்டு எழுதி வாங்கினாள். ஆமாம் என்றவர்கள் ஆறு பேர்.

"பூஜ்யம்னா ரிப்போர்ட்டுக்கு அழகா இருக்குமே அம்மா?" என்றார் சடகோபன்.

"ஆறுதான் சார் வந்துச்சு. அதுவும் சீட்டுல எழுதினது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேட்டாத்தான் நிஜமாத் தெரியும்."

அவர் பேனாவைத் திறந்து, ஆறு என்றே எழுதிக்கொண்டார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து காத்தான் எழுந்தான். அரியமங்கலத்திலிருந்து நடந்து வருகிற பையன், வீட்டில் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். "ஆறுல நானும் ஒருத்தன் டீச்சர். எனக்கு யாரும் நீட்டறதில்ல. வீட்ல சுத்தி வச்ச முறத்துலேர்ந்து நானே எடுத்துக்கறேன். எனக்கு நானே எப்படி வேணாம்னு சொல்றது?"

லூர்துராணி மேஜையை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினாள்.

"நீயே ரெண்டு ஆளாவும் நடிச்சுப் பாரேன் காத்தான். எனக்கும் தெரியல, பாப்போம்."

காத்தான் முன்னால் வந்தான். இடப்பக்கம் நின்று, "எடுறா காத்தான்," என்றான். வலப்பக்கம் தாவி, "வேணாம்டா காத்தான்," என்றான். "அப்பா எண்ணலடா." "நான் எண்ணுவேன்டா." "போன வாரம் எடுத்தியே?" "போன வாரம் நீதான்டா எடுத்தே, நானில்ல!" தாவத் தாவ வேகம் ஏறியது. சட்டைப் பொத்தான் தெறித்தது. பையன்கள் பெஞ்சுமேல் ஏறிக் கத்தினார்கள். ஸ்தனிஸ்லாஸ் ஒரு பக்கத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்க, பொறுக்க முடியாமல் சடகோபன் மறுபக்கத்துக்கு எடுத்துக் கொடுத்தார். லூர்துராணி கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. வலப்பக்கத்துக் காத்தான் இடுப்பில் கை வைத்து, "இன்னைக்கு வேணாம். நாளைக்கு வா, அப்பவும் வேணாம்பேன்!" என்றான். இடப்பக்கத்துக்குத் தாவினான், வாயைத் திறந்தான். பதில் ஒன்றும் வரவில்லை.

நாற்பத்தோரு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.