திருப்பி மடித்த மதில்

முதலில் அந்த வாரத்து வரவுகளைச் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

'கருஞ்சிறகு' பதினோராம் இதழ்: நாயகன் மறுபடியும் செத்துப்போகிறான். போன வருடமும் செத்தான். அடக்கம் செய்யும் காட்சியில் வழக்கம்போல மழை. இவன் புண்ணியத்தில் அந்த ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே வராது. வாங்க வேண்டாம். 'ஐவர் அணி': உலகம் அழியப்போகிறது, ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் இதுதான் நடக்கிறது, அங்கே சம்பளமாவது தருகிறார்கள். 'கண்ணாடி மனிதன்': ஓவியருக்குக் கை வரைய வராது. அதனால் எல்லோரும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டே உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் கதை நன்றாக இருக்கிறது, வாங்கலாம்.

'மதில்' நாற்பதாம் இதழ்: சோற்றுக்குக் காசில்லை என்றாலும் கடன் வாங்கியாவது வாங்குங்கள்.

அந்தப் புதன்கிழமை நான் பலகையில் குத்திய கருத்துகள் இவைதான். கடைசி ஒன்றுதான் வினையாகிப் போனது.

எங்கள் காமிக்ஸ் கடையில் கதவை ஒட்டி ஒரு தக்கைப் பலகை உண்டு. புதன்கிழமை புதுக் கட்டு வந்து இறங்கும். நான் வேலை முடிந்து நேரே அங்கே போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து, கருத்தை எழுதிக் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கடைக்கார அண்ணன் அந்தப் பலகையை என் பொறுப்பில் விட்டுப் பல வருடங்களாகின்றன. வருகிறவர்கள் முதலில் பலகையைப் படிப்பார்கள், அப்புறம்தான் அலமாரிப் பக்கம் போவார்கள். என்னைப் போர்டு அக்கா என்று கூப்பிடுவார்கள். தலை நரைத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவேன்.

பகலில் நான் துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கிறேன். காதில் ஹெட்செட், எதிரே திரை, திரையில் நான் சொல்ல வேண்டிய வரி. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்." மெஷினுக்குள் செருப்பைப் போட்டுச் சுற்றவிட்டு, டமடமவென்று சத்தம் வருகிறது என்று கத்துகிறவரிடமும் இதே வரிதான். சூப்பர்வைசர் நடுநடுவே ஒட்டுக் கேட்பார். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் கூப்பிட்டு விசாரிப்பார். யாரோ எழுதிக்கொடுத்த மன்னிப்பைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் கேட்கிறேன். நானே நினைத்து நானே எழுதியதை நாலு பேர் நின்று படிப்பது அந்தப் பலகையில் மட்டும்தான். அதனால் அந்தப் பலகை என் உயிர். கூச்சப்படாமல் சொல்கிறேன்.

மதிலைத் தெரியாதவர்களுக்கு: அவள் பறக்க மாட்டாள், அடிக்க மாட்டாள். நிற்பாள். பேருந்து வந்தாலும் குண்டு வந்தாலும் குறுக்கே நிற்பாள், அது அவளைத் தாண்டிப் போகாது. அவ்வளவுதான் அவள் சக்தி. நாற்பதாம் இதழை நான் திறந்தபோது முதல் பக்கத்திலேயே அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம், கையில் கட்டு. புருஷனிடம் சொல்கிறாள்: "இனிமேல் என்னால் நிற்க முடியாது." குழந்தை தூங்குகிறது. விளக்கை அணைக்கிறாள். கீழே மூலையில் 'தொடரும்' என்று போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினால் ஆசிரியர் பெயர், ஓவியர் பெயர், ஒரு பெரிய அணை, அதில் ஒரு விரிசல். மதில் போய் அணைக்கு முன்னால் நிற்கிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. இதழ் முடிந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். முடியாது என்று சொல்லிவிட்டு ஒருத்தி போய் நிற்கிறாளே என்று அழுதேன்.

பலகையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். நடுவிலேயே 'தொடரும்' போட்ட துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி. பாதிக் கதைக்கு அப்புறம் பெயர்களைப் போட்டது எவ்வளவு அழகு என்று ஒரு பத்தி. சமையலறையில் இருந்த கைக்கட்டு அணைக்கட்டில் இல்லை, அவிழ்த்து எறிந்துவிட்டுப் போயிருக்கிறாள், அதை வரையாமல் நமக்கு விட்டிருக்கிறார்கள் என்று ஒரு பத்தி. ஈரத்தலையைக்கூட விடவில்லை. குளித்து முழுகிச் சாகத் தயாராகிவிட்டாள் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விநியோக ஏஜென்ட் கடைக்கு ஓடி வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அச்சகத்தில் ஒரு கட்டு முழுக்க உள்தாள்களை மறுபக்கமாக மடித்து அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்களாம். பின்பாதி முன்னாலும் முன்பாதி பின்னாலும் போய்விட்டது. உண்மைக் கதையில் மதில் முதலில் அணைக்குப் போகிறாள், தோற்கிறாள், நனைந்து அடிபட்டு வீட்டுக்கு வருகிறாள், இனி முடியாது என்கிறாள், தொடரும். விற்ற பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு சரியானதைக் கொடுக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தார். படித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் கடையே சிரித்தது. ஒருவர் என் 'தொடரும்' பத்தியைச் செய்தி வாசிப்பதுபோல உரக்கப் படித்தார். இன்னொருவர், "அக்கா, எங்க வீட்டு ஃபேன்கூட தலைகீழா சுத்துது, அதுக்கும் ஒரு பத்தி எழுதுங்க" என்றார். அதே பிரதியைப் படித்துவிட்டு, "பயங்கரமா இருக்குக்கா" என்று புதன்கிழமை என்னிடம் தலையாட்டியவர்கள்தான் இவர்களும்.

கடைக்கார அண்ணன் சிரிக்கவில்லை. சங்கடமாக என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மதில் ஆசிரியர் இங்க கையெழுத்துப் போட வர்றாரு. ஏஜென்ட் சிரிச்சாரே தவிர, அச்சுப்பிழையைப் புகழ்ந்து போர்டுல போட்டிருக்கேன்னு ரொம்ப கோபமா இருக்காரு. நீ அந்தப் பேப்பரை எடுத்துட்டு, தவறா எழுதிட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுதிக் குத்திடு. உன் பிரதியையும் குடுத்து மாத்திக்க."

"தப்பா என்ன அண்ணா எழுதினேன்? படிச்சதைத்தானே எழுதினேன்."

"படிச்சதே தப்பும்மா."

"மடிச்சவங்க தப்பு அது. நல்லா இருக்குன்னு நான் சொன்னது எப்படித் தப்பாகும்?"

அவர் பெருமூச்சு விட்டார். "எழுதலேன்னா போர்டை நான் வேற யார்கிட்டயாவது குடுக்க வேண்டி வரும். என்னைத் தர்மசங்கடப்படுத்தாத."

சரியான பிரதியையும் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நியாயம் நியாயம்தானே, படிக்காமல் பேசக் கூடாது. என் அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர், மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்தால் போதும் என்கிற ரகம், என் வாயை மட்டும் மூடச் சொல்வாள். அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்க, நான் மேசையில் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். சரியான பிரதி நல்ல கதைதான். ஒருத்தி முயன்றாள், முடியவில்லை, வந்து உட்கார்ந்தாள். பாவமாக இருந்தது. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. முயன்று முடியாமல் வந்து உட்காருவதை நான் தினமும் சாயங்காலம் பார்க்கிறேன், என் நாற்காலியிலேயே.

அக்காவிடம் முழுக்கதையும் சொன்னேன்.

"ஏண்டி இதுக்கா இவ்ளோ குதிக்கிற? ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன். நீ ஒரு நாளைக்குச் சொல்ற சாரிக்குக் கணக்கு இருக்கா?"

"அது கம்பெனி சாரி. இது என்னுது."

"அப்படின்னா?"

"நான் நெஜமாவே நெனைச்சதை நெனைக்கலைன்னு சொல்லணும். அது முடியாது."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எப்படியோ போ, ஆனா சத்தம் போடாம பேசு. நீ சத்தம் போட்டா நியாயம்கூட அநியாயம் மாதிரி கேக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. உள்ளே நுழைந்ததும் பலகையைப் பார்த்தேன். என் கருத்து இல்லை. அந்த இடத்தில் கணினியில் அடித்த ஒரு தாள். 'தவறான பிரதியைப் படித்துத் தவறான கருத்தை எழுதியதற்கு மனமார வருந்துகிறேன். இப்படிக்கு, போர்டு அக்கா.'

மனமாரவாம். என் கம்பெனி வார்த்தையே என்னைத் தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. காது வரை சூடாகிவிட்டது. தாளைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் போய் வரிசைக் கடைசியில் நின்றேன்.

என் முறை வந்தது. ஆசிரியர் ஒல்லியான மனிதர், தூக்கமில்லாத கண், மரியாதையாக எழுந்து வணக்கம் சொன்னார். நான் என் பிரதியை முன்னால் வைத்தேன். முதல் பக்கத்தைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ஏஜென்டுக்கு முகம் மாறியது.

"சார், இவங்கதான் அந்த போர்டு எழுதினவங்க. இந்தப் பிரதி வெளியிலேயே இருக்கக் கூடாது. ஏம்மா, சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுக் குடுத்துடுங்க."

"வாரத்துல அஞ்சு நாள் மன்னிப்புக் கேக்கறதுதான் சார் என் வேலை" என்றேன். "இன்னிக்கு எனக்கு லீவு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து அல்ல.

ஆசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், அவசரப்படாமல் கடைசிப் பக்கம் வரை. மூடி வைத்தார்.

"எல்லாரும் கடைசியில ஜெயிக்கறாங்க. ஒருத்தியாவது தோத்துட்டு வந்து ஓயட்டும்னுதான் நான் எழுதினேன். நீங்க படிச்சது என் கதை இல்லம்மா."

"உங்க கதையையும் படிச்சேன் சார். நல்லா இருக்கு. ஆனா முடியலைன்னு சொன்ன பொறகு போய் நிக்கறா பாருங்க, அவளைத்தான் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில நான் அப்படித்தான் எந்திரிச்சுப் போறேன்."

அவர் பேனாவை மூடினார். "இருக்கலாம். ஆனா அவளை நான் எழுதலை. நான் எழுதாததுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபமே வரவில்லை.

"சரி சார். பேனாவைக் குடுங்க."

புரியாமல் கொடுத்தார். அட்டையில் மதிலின் காலடியில் இருந்த வெள்ளை இடத்தில் என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னேன். ஆசிரியரின் வாய் ஓரம் லேசாக அசைந்தது, சிரிப்பா என்று சொல்ல முடியாது.

கதவருகே கடைக்கார அண்ணன் நின்றார். "இனிமே போர்டு உனக்கு இல்லம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும் அண்ணா."

தெரியும் என்று சொன்னேனே தவிர, பலகையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருடம் குத்திக் குத்தி அந்தத் தக்கை நடுவில் பள்ளமே விழுந்திருந்தது. அழுதால் மனமார வருந்துகிறேன் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் மட்டும் அழவில்லை.

வெளியே வரிசை அப்படியே நின்றது. நடுவில் இருந்த ஒரு பெண், கடைப் பெயர் போட்ட பையோடு, "போர்டு அக்காதானே? போர்டு காலியா இருக்கே, இந்த வாரம் எதை வாங்கறது?" என்றாள்.

"கருஞ்சிறகு வேண்டாம், மறுபடியும் சாகறான்" என்றேன். "கண்ணாடி மனிதன் வாங்குங்க, கையை மட்டும் பாக்காதீங்க."

"மதில்?"

"அது உள்ள கிடைக்காது. என்கிட்டதான் இருக்கு."

நடைபாதையிலேயே பிரித்துக் காட்டினேன். முன்னால் இருந்தவர் திரும்பினார், பின்னால் இருந்த இருவர் எட்டிப் பார்த்தார்கள். சமையலறை, ஈரத்தலை, கைக்கட்டு. இனிமேல் என்னால் நிற்க முடியாது. ஏஜென்ட் வாசலுக்கு வந்து, "மூடுங்க அதை, முதல்ல மூடுங்க" என்றார்.

"என்ன, இங்கயே தொடரும்னு போட்டிருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"இன்னும் முடியலை" என்று பக்கத்தைத் திருப்பினேன்.