வீட்டுக்குள் மூன்று ஊர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதையும் கழற்றிப் போட்டுக் காட்டினால்தான் விளக்க வரும். அதனால் அவருடைய ஆறு வயது மகள் வாலு, புத்தகத்தோடு வந்து, "அப்பா, நகரம், புறநகர், கிராமம்னா என்னப்பா? டீச்சர் கேப்பாங்க" என்று நின்றபோது, அவர் வீட்டையே கழற்றிப் போட்டார்.

"சமையலறையப் பாரு. இடிச்சுக்கிட்டு நிக்கணும், ஒரே சத்தம், புகை. ஆனா எல்லாம் அங்கதான் கிடைக்கும். அது நகரம். ஹால்ல காலை நீட்டி உக்காரலாம், ஆனா தண்ணி வேணும்னாகூட நகரத்துக்குத்தான் ஓடணும். அது புறநகர். மாமா இருக்கிற பின்னறை அமைதியா இருக்கில்ல? அதுதான் கிராமம்."

பின்னறையில் படுத்தபடியே அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த மைத்துனர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கிராமத்துல ஃபேன் ஓடி ஒரு மாசமாச்சு மாப்பிள்ளை. அதையும் பாடத்துல சேத்துக்குங்க."

பாடம் அதோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டினார். ஏழு மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உங்க வீடு நகரத்துல சேருதா, புறநகர்ல சேருதா? வரைபடத்துல எல்லைக்கோடு உங்க வீட்டு மேலேயே போகுதுங்க."

பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் வாலு விரலை நீட்டினாள். "அது நகரம். இது புறநகர். அது கிராமம்."

காலையிலிருந்து யாரும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை போலும். கணக்கெடுப்புக்காரர் கண் கலங்க மூன்று படிவங்களை நிரப்பினார். குழந்தையைச் சந்தோஷப்படுத்துகிறார் என்று நினைத்த மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே மூன்றிலும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். நகரத்தில் நெரிசல் அதிகம் என்று சமையலறை வாசலில் சிக்னல் கம்பம் நட்டார்கள். புறநகரில் சோபாவை ஓரங்கட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் கட்டினார்கள். கிராமத்துக்குக் கால்நடை மருத்துவர் வந்தார்.

"மாடு எத்தனை?"

"இல்லீங்க" என்றார் மைத்துனர்.

"ஆடு, கோழி?"

"நான் மட்டும்தாங்க."

வந்த வேலையைப் பாதியில் விட மனமில்லாத மருத்துவர், மைத்துனரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பல்லை எண்ணினார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, கையோடு ஃபேனையும் சரிசெய்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் அரைநாள் விடுப்புப் போட்டுக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நகரத்துல இருந்து வர்றீங்களா, கிராமத்துல இருந்தா?"

"வீட்டுல இருந்து வர்றேன் சார்."

"அப்படி ஒரு பிரிவே இல்லையே." அதிகாரி பட்டியலை மேலும் கீழும் தேடினார். "மூணு ஊர் மக்களும் சம்மதிச்சா ஒண்ணா சேத்துடலாம். எழுதி வாங்கிட்டு வாங்க."

வீட்டில் யாரும் அசைந்து கொடுக்கவில்லை. "சிக்னல் வந்தப்புறம்தான் நான் அடுப்புல நிக்கும்போது யாரும் குறுக்க வர்றதில்ல, அது இருக்கட்டும்" என்றாள் மனைவி. மைத்துனர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "கிராமத்தோட தனித்தன்மைன்னு ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை." அவருக்கு டானிக் நன்றாக ஒத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் புறநகரில் தன்னந்தனியாக, வராத பேருந்துக்காக உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் வாலு வகுப்பில் எழுந்து நின்று தன் மூன்று ஊர்களையும் விவரித்திருக்கிறாள். டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. மறுவாரமே நாற்பது பிள்ளைகளை வரிசையாக ஏழு மாடி ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். பிள்ளைகள் நகரத்தை எட்டிப் பார்த்தார்கள், புறநகரைக் கடந்தார்கள், கிராமத்தில் கட்டிலின் மேலும் கீழும் உட்கார்ந்து மைத்துனரை வரைந்தார்கள். யாரோ ஒருவன் பிழை திருத்திய தாளின் பின்பக்கத்தில் அவருக்குக் கொம்பும் வைத்தான்.

அந்த நேரத்தில்தான் கணக்கெடுப்புக்காரர் மறு சரிபார்ப்புக்கு வந்து சேர்ந்தார். பின்னறையில் தலைகளை எண்ணினார். பத்து நாளில் கடிதம் வந்தது: மக்கள்தொகை பெருகிவிட்டதால் இக்கிராமம் புறநகராக உயர்த்தப்படுகிறது, கால்நடை மருத்துவரின் வருகை நிறுத்தப்படுகிறது.

மைத்துனர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பழக்கதோஷத்தில் ஒரு ஒற்றுப்பிழையையும் திருத்தினார். பிறகு தலையணையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு, ஹாலைக் கடந்து சமையலறைக்குள் நுழைந்தார்.

"என்னண்ணே இது?" என்றாள் தங்கை.

"பொழப்பு தேடி நகரத்துக்கு வந்துட்டேம்மா."

அவள் வெங்காயக் கூடையை அவர் மடியில் வைத்தாள்.

மெக்கானிக் விடவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து, "பாத்தியா, இதுக்குப் பேரு இடப்பெயர்வு" என்று ஆரம்பித்தார்.

"அப்பா, அது அடுத்த பாடம்" என்று வாலு புத்தகத்தை மூடினாள்.